இடது கை முதலில்

சேஃப்டி பெல்ட்டை வெயிலில் காயப்போடக் கூடாது. நிறையப் பேருக்கு இது தெரியாது. வெயிலில் கிடந்த நைலான் வார் பார்வைக்குப் புதிதாகவே இருக்கும். உள்ளே நார் செத்துப்போயிருக்கும். ஆளின் எடை அதில் விழும்போதுதான் தெரியவரும். சோப்புத் தண்ணீரில் அலசி, காற்றாடும் இடமாகப் பார்த்து நிழலில் தொங்கவிட வேண்டும். பக்கிளில் ஏறிய சிமெண்டுத் தூளைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கலாம். நான் என் மகள் போட்டுவிட்ட பிரஷ்களை வீட்டிலிருந்து கொண்டுபோய் வைத்திருந்தேன்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, ஐயா. நான் வேலையில் அலட்சியமானவன் இல்லை. நேற்று நீங்கள் சைட்டுக்கு வந்தபோது என் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, "கடையில வச்ச மாதிரி வச்சிருக்கீங்களே" என்றீர்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த நேரத்திலும் சந்தோஷமாக இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

வழக்கு முடிந்த மாதிரிதான் என்றீர்கள். இறந்தவர் ஹெல்மெட் போட்டிருந்தார், பெல்ட் போட்டிருந்தார், கொக்கியை மட்டும் கம்பியில் மாட்டவில்லை. கம்பெனி கொடுக்க வேண்டியதைக் கொடுத்திருக்கிறது, ஆள் கவனமாக இருந்திருக்க வேண்டும். நாளைக்கு ஸ்டேஷனுக்கு வந்து ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள் என்றீர்கள். கையெழுத்துப் போடத்தான் வந்தேன். அதற்கு முன் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. டீ வேண்டாம். குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

நான் இன்ஜினியர் இல்லை. படிப்பைப் பாதியில் விட்டவன். கொஞ்ச காலம் ராத்திரி ஷிஃப்டில் காங்கிரீட் லாரிகளை எண்ணிக் குறித்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது நான் சேஃப்டி ஆபீசர். சைட்டில் என்னை 'சேஃப்டி சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். வாசலில் இருக்கும் போர்டில், பாதுகாப்புக்குப் பொறுப்பு என்ற வரிக்குப் பக்கத்தில் என் பெயர் இருக்கிறது. சட்டப்படி ஒரு பெயர் இருந்தாக வேண்டும். கம்பெனி முதலாளியின் பெயரைப் போட முடியாது, அவர் சைட்டுக்கு வருவதில்லை. பெரிய இன்ஜினியரின் பெயரைப் போட முடியாது, அவருக்கு வேறு நாலு சைட் இருக்கிறது. என் பெயர் மீதி இருந்தது.

பயிற்சி கொடுத்தவர் நன்றாகப் பேசுவார். மற்றது எல்லாம் மறந்துவிட்டது. ஒன்று மட்டும் நினைவில் நின்றது. "மேலேர்ந்து ஒருத்தன் விழுந்தான்னு வைங்க. போலீஸ் வரும், லேபர் ஆபீஸ் வரும், கோர்ட் வரும். எல்லாரும் கேக்கற முதல் கேள்வி ஒண்ணுதான். பெல்ட் போட்டிருந்தானா? இதுக்கு உங்ககிட்ட பதில் இருந்தா நீங்க வீட்டுக்குப் போகலாம். இல்லன்னா அவன் ஆஸ்பத்திரிக்கு, நீங்க உள்ள." எல்லோரும் சிரித்தோம். நான் அதை மனதில் எழுதிக்கொண்டேன்.

இதற்கு முந்தைய சைட்டில் பெல்ட்டை எல்லோருக்கும் கொடுத்தேன். நல்ல எண்ணத்தில்தான் கொடுத்தேன். ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. ஒருவர் அதில் தண்ணீர்க் குடத்தைக் கட்டி மேலே இழுத்தார். ஒருவர் பைக்கின் பின்னால் அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். இரண்டு பெல்ட் தார் ட்ரம்முக்குள் கிடந்தது. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரி ஒரு பெல்ட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, அதை என் தோளில் போட்டு, "இத மாட்டிக்கிட்டு நீங்க குதிப்பீங்களா" என்று கேட்டார். பெரிய இன்ஜினியர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் அங்கே ஒன்றும் சொல்லவில்லை. ஜீப்பில் ஏறியபிறகு சொன்னார்.

சட்டம் சொல்வது என்னவென்றால், பெல்ட் நல்ல நிலையில் இருக்க வேண்டும். உபயோகத்தில் இருக்கும் பெல்ட் நல்ல நிலையில் இருக்காது. இதை நான் ரொம்ப நாள் யோசித்தேன். புதிய சைட்டுக்கு வந்தபோது ஒரு இரும்பு அலமாரி கேட்டு வாங்கினேன். தோளுக்கும் தொடைக்கும் வார் வைத்த பெல்ட்டுகளை உறையோடு உள்ளே தொங்கவிட்டேன். இன்ஸ்பெக்‌ஷன் அன்று காலையில் வெளிச்சுவரில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் எடுத்துக் கொடுப்பேன். போட்டோ எடுப்போம். அதிகாரி போனதும் திரும்ப வாங்கி, துடைத்து, உறையில் போட்டுவிடுவேன். சாவி என் இடுப்பில் இருக்கும். இந்த ஏற்பாடு நான் கண்டுபிடித்தது இல்லை. போய்ப் பார்த்தால் பல சைட்டில் இப்படித்தான் இருக்கும். ஆனால் பெல்ட்டைத் துவைத்து வைத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இறந்தவரைப் பற்றிச் சொல்கிறேன். வெளிப்பூச்சு வேலை செய்கிற கொத்தனார். நடு வயது தாண்டியவர். சைட்டில் எல்லோரும் அவரை 'வக்கீல்' என்று கூப்பிடுவார்கள். எதற்கெடுத்தாலும் சட்டம் பேசுவார். பேசுகிற சட்டத்தில் முக்கால்வாசி தப்பாக இருக்கும்.

"சட்டத்துல இருக்கு சார். மழை பெஞ்சா அன்னைக்கு முழுச் சம்பளம்."

"எந்தச் சட்டத்துல?"

"அது பேரு வாயில வரல. படிச்சவங்க நீங்க, உங்களுக்குத் தெரியாமயா இருக்கும்."

"யோவ் வக்கீலு, வாய்தா வாங்குனது போதும், சாந்து இறுகுது" என்று கீழேயிருந்து யாராவது கத்துவார்கள். அவர் பூச்சுக் கரணையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, "கனம் நீதிபதி அவர்களே" என்று ஆரம்பிப்பார். பொழுது போகும்.

அவர் பயந்த சுபாவம். அதை ஒளிக்கவும் மாட்டார். சாரத்தில் ஏறும்போது ஒவ்வொரு முட்டுக் கம்பையும் கையால் தட்டிப் பார்ப்பார். சின்ன வயது ஆட்கள் கேலி செய்வார்கள். "சாரத்தோட பேசிட்டு வா வக்கீலே, நாங்க மேல போறோம்." "போங்கடா, உங்களுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு, எனக்குப் பொண்டாட்டிதான் இருக்கா" என்பார். அவருக்கு இடது தோள் இறுகிப்போயிருந்தது. முன்பக்கம் கை நன்றாக வரும், சாந்துப் பலகையைப் பிடித்துக்கொள்வார். பின்பக்கம் போகாது. சட்டை போடவும் யாராவது உதவ வேண்டும். இந்த விஷயம் எனக்கு அப்போது தெரியாது. பின்னால்தான் தெரிந்தது. எப்போது என்று சொல்கிறேன்.

அவர் மட்டும்தான் பெல்ட் கேட்பார். மற்றவர்கள் கேட்பதில்லை, பெல்ட் போட்டால் வேலை ஓடாது என்பார்கள். வக்கீல் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். பழகிப்போய்விட்டது. சில பேர் சாப்பிட்டாச்சா என்று கேட்பதுபோல அவர் பெல்ட் கேட்பார்.

அன்று காலையிலும் கேட்டார். பின்பக்கச் சுவரில், இரண்டாவது மாடிக்கு மேல், சன்னலைச் சுற்றிப் பூச்சு வேலை.

"சார், அங்க ஒரு பலகை ஆடுது. நான் சும்மா சொல்லல, வந்து பாருங்க."

"சாரம் கட்டற ஆள் மத்தியானம் வருவான். இறுக்கச் சொல்றேன்."

"அதுவரைக்கும் ஒரு பெல்ட் குடுங்க. சாயங்காலம் துடைச்சு, மடிச்சு, பூ வச்சுக் குடுத்துடறேன்."

"அடுத்த வாரம் இன்ஸ்பெக்‌ஷன் இருக்கு. அது முடியட்டும்."

"அப்ப ஒண்ணு பண்ணுங்க சார். இன்ஸ்பெக்‌ஷன் முடியறவரைக்கும் யாரும் விழக் கூடாதுன்னு ஒரு நோட்டீஸ் ஒட்டிடுங்க."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் எனக்கு உண்டு. ஒரு வார்த்தை சொன்னால் போதும், இன்ஜினியரே அதை மீற முடியாது, சட்டம் அப்படி இருக்கிறது. நான் அந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து ஒரு தடவைகூட அதைச் சொன்னதில்லை. சொன்னால் மறுநாள் போர்டில் வேறு பெயர் இருக்கும்.

அவர் ஏறினார். கம்புகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டே ஏறினார்.

மத்தியானம் சாப்பாட்டு நேரம். எல்லோரும் முன்பக்கம் வண்டி நிறுத்தும் தளத்தில் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். யாருடைய போனிலோ பாட்டு ஓடியது. வக்கீல் மட்டும் வரவில்லை. கலந்த சாந்து கொஞ்சம் மீதி இருந்தது, விட்டால் கல்லாகிவிடும் என்று அதை அடித்து முடிக்க நின்றுவிட்டார். நான் பின்பக்கக் குழாயில் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தேன். முதலில் பலகை விழுந்த சத்தம். அதன் பிறகு வேறு ஒரு சத்தம். சிமெண்டு மூட்டையை லாரியிலிருந்து கீழே போடுவார்களே, அப்படி.

நான் குழாயை மூடினேன். தண்ணீர் வீணாகப் போகக் கூடாது என்று தோன்றியது.

மணல் குவியலின் ஓரத்தில் கிடந்தார். இடுப்பு மணலுக்கு வெளியே, செங்கல் அடுக்கின் மேல் பட்டிருந்தது. ஹெல்மெட் தலையில் இருந்தது. கண் திறந்திருந்தது. மூச்சு வந்தது. வாயில் ரத்தம் இல்லை. என்னைப் பார்த்து, "சார், விழுந்துட்டேன்" என்றார். எனக்குத் தெரியாத விஷயத்தைச் சொல்வதுபோலச் சொன்னார்.

நான் போனை எடுத்தேன். பெரிய இன்ஜினியரைக் கூப்பிட்டேன். அதுதான் நடைமுறை.

"சார், பின்பக்கம் ஒருத்தர் விழுந்துட்டாரு."

"எவன்?"

"பூச்சு வேலை. வக்கீல்னு சொல்வாங்களே."

"பெல்ட் போட்டிருந்தானா?"

பாருங்கள் ஐயா, பயிற்சி கொடுத்தவர் சொன்னது சரிதான். அதுதான் முதல் கேள்வி. நான் வக்கீலைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போட்டிருந்தார் சார்."

"அப்ப சரி. நான் வரேன்."

அந்த நொடியில் நான் சொன்னது உண்மை இல்லை. ஆனால் உண்மையாக்க முடியாத விஷயமும் இல்லை. இன்ஜினியர் வர நேரமாகும். முன்பக்கம் சாப்பிடுகிறவர்கள் எழுந்து வர நேரமாகும். அலமாரி என் அறையில் இருந்தது, சாவி இடுப்பில் இருந்தது. அப்படித்தான் யோசித்தேன். பதற்றத்தில் செய்துவிட்டேன் என்று சொன்னால் உங்களுக்கும் எழுத வசதியாக இருக்கும். பதற்றம் இல்லை. அன்றைக்கு முழுவதும் எனக்கு அவ்வளவு தெளிவாக இருந்த நேரம் வேறு இல்லை.

"வண்டி வருது. அசையாம படுங்க" என்று வக்கீலிடம் சொன்னேன். வண்டிக்கு இன்னும் போன் செய்யவில்லை. செய்யத்தான் போகிறேன் என்பதால் அதைப் பொய்யாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

அறைக்கு நடந்துதான் போனேன். சைட்டில் ஓடக் கூடாது என்று போர்டு வைத்தவன் நான். ஓடினால் யாராவது பார்ப்பார்கள், என்ன ஏது என்று எழுந்து வருவார்கள் என்பதும் மனதில் இருந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் என்னைப் பார்த்து, "சேஃப்டி சார், சாப்பிட்டாச்சா" என்றார். ஆச்சு என்றேன். அங்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அத்தனை பேரும் சோற்றுக் கையோடு ஓடி வந்திருப்பார்கள். கதவுப் பலகையில் கிடத்தி, கிடைத்த லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருப்பார்கள். அவர்கள் அப்படிப்பட்டவர்கள்.

அலமாரியைத் திறந்தேன். முன்னால் தொங்கியவை எல்லாம் புத்தம் புதிது. அவற்றைப் போட்டால் பார்த்ததும் தெரிந்துவிடும். பின்னாலிருந்து கொஞ்சம் பழசாக ஒன்றை எடுத்தேன். அதுவும் சுத்தமாகத்தான் இருந்தது, நான் துவைத்தது. பின்பக்கம் வந்ததும் சாந்து கலந்த தட்டில் அதைப் போட்டுப் புரட்டினேன். வாரிலும் பக்கிளிலும் சிமெண்டைத் தேய்த்தேன். டூத் பிரஷ்ஷால் எங்கெங்கே தேய்த்து எடுப்பேனோ அங்கெல்லாம் தேய்த்து ஏற்றினேன். அதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. வக்கீல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாரா என்று எனக்குத் தெரியாது. பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

நான் பெல்ட்டோடு அவர் பக்கத்தில் மண்டியிட்டபோது சிரித்தார். சிரிப்பு என்றால் உதடு ஒரு பக்கம் போனது.

"காலைல கேட்டேன். இப்பக் குடுக்கறீங்க."

நான் பக்கிளைத் திறந்தேன்.

"இதுல கட்டித்தான் தூக்கப் போறீங்களா?"

"ஆமா" என்றேன்.

இது பொய். இதை ஒத்துக்கொள்கிறேன்.

அவர் அதை நம்பினார். நம்பியதால்தான் வேலை சுலபமாக முடிந்தது. நான் வலது பக்க வாரை விரித்தபோது, "சார், இடது கை முதல்ல" என்றார். "அது பின்னால போகாது. முதல்ல அத விட்டுட்டா, அப்புறம் வலது கை தானா வந்துரும். வீட்ல அப்படித்தான்." சொல்லிவிட்டு இடது கையை முன்னால் நீட்டினார். சின்னப் பிள்ளைக்குச் சட்டை போடும்போது கை நீட்டுமே, அப்படி. நான் தினமும் என் மகளுக்குப் புத்தகப் பையை மாட்டிவிடுகிறவன். எனக்கு அந்த வேலை தெரியும். இடது கையை முதலில் விட்டேன். வார் முறுக்கிக்கொள்ளாமல் தோளில் நீவி விட்டேன். பிறகு வலது கை. நெஞ்சுப் பக்கிளைப் போட்டேன்.

கால் வார் இரண்டையும் போட இடுப்பைத் தூக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் அவர் சத்தம் போட்டார். பெரிய சத்தம் இல்லை. பாட்டுக்கு மேல் கேட்கிற அளவுக்கு இல்லை. அதன் பிறகு பேசவில்லை. கண் திறந்துதான் இருந்தது. கொக்கியைக் கயிற்றோடு அவர் பக்கத்தில் மணலில் வைத்தேன், மாட்டாத கொக்கி எப்படிக் கிடக்குமோ அப்படி. பின்னால் தள்ளி நின்று ஒரு தடவை பார்த்தேன். பிறகு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். பிறகு முன்பக்கம் பார்த்துக் கத்தினேன். எல்லோரும் ஓடி வந்தார்கள். பாட்டு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது, யாரும் நிறுத்தவில்லை.

வண்டியில் நானும் போனேன். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்போது மூச்சு நின்றிருந்தது. இடுப்பெலும்பு நொறுங்கி உள்ளே ரத்தம் போயிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். "கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா பாத்திருக்கலாம். இந்த மாதிரி ஆள அசைக்கவே கூடாது. யாரு தூக்குனது?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் வேறு நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் இப்படித்தான் சொல்வார்கள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

பெரிய இன்ஜினியர் ஆஸ்பத்திரிக்கே வந்து பார்த்தார். பெல்ட்டை அதுவரை யாரும் கழற்றியிருக்கவில்லை. போனில் போட்டோ எடுத்துக்கொண்டார். என் தோளைத் தட்டினார். "நல்ல வேளை, பெல்ட் இருந்துச்சு" என்றார். அவருக்குத் தெரியுமா என்று கேட்பீர்கள். நான் அவரிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை. எங்கள் வேலையில் அதற்கு மேல் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை.

இவ்வளவும் உங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும். நேற்று நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. இன்று கையெழுத்துப் போட்டுவிட்டு, பஸ் பிடித்து, மகள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் வீட்டுக்குப் போயிருப்பேன். நேற்று சாயங்காலம் வக்கீலின் மனைவி என் வீட்டுக்கு வந்தார்.

தையல் வேலை செய்கிறவர். கழுத்தில் அளவு டேப் தொங்கிக்கொண்டிருந்தது, அதை எடுக்க மறந்து அப்படியே வந்திருக்கிறார். என் மனைவி நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். சண்டைக்கு நான் தயாராக இருந்தேன்.

"உங்களத் தொந்தரவு பண்ண வரல சார். ஒரு ஆளப் பாக்கணும். அது யாருன்னு உங்களுக்குத்தான் தெரியும்னு சைட்ல சொன்னாங்க."

"எந்த ஆளும்மா?"

"அவருக்குப் பெல்ட் போட்டுவிட்ட ஆளு."

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"இன்ஜினியர் சார் போட்டோ காமிச்சாரு. பெல்ட் இருந்துச்சு பாரும்மா, உன் புருஷன்தான் கொக்கி மாட்டலன்னாரு. பாத்தேன். தோள்ல அந்தப் பட்டை முறுக்கிக்காம, படிஞ்சு இருக்கு. அவரால அப்படிப் போட முடியாது சார். பதினெட்டு வருஷமா நான்தான் சட்டை மாட்டிவிடறேன். அவரா மாட்டுனா இடது பக்கம் சுருண்டுக்கும். யாரோ பக்கத்துல இருந்து, பொறுமையா, நீவி விட்டிருக்காங்க. நான் துணியில வேலை செய்யறவ, எனக்குத் தெரியும்."

அவர் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"சும்மாதான் சார் பாக்கணும். கடைசியா அவர்கூடப் பேசுன ஆளா இருக்குமில்ல. காலைல எப்படி இருந்தாரு, தலை சுத்துதுன்னாரா, என்ன சொன்னாருன்னு கேக்கணும். சொந்தக்காரங்கல்லாம் குடிச்சிருப்பான், தூங்கியிருப்பான்னு பேசறாங்க. பல்ப் மாத்த ஸ்டூல்ல ஏறுனாகூட என்னக் கால புடிச்சுக்கச் சொல்ற மனுஷன் சார் அவரு. கொக்கி மாட்டாம எப்படி நிப்பாரு? எனக்குப் புரியவே இல்ல."

"நான்தாம்மா" என்றேன். "நான்தான் போட்டுவிட்டேன்."

அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். டேப்பின் நுனி அந்தக் கைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு ஆடியது.

"இடது கை முதல்ல விடணும்னு சொன்னாரா?"

"சொன்னாரு."

"அப்படியே விட்டீங்களா?"

"விட்டேன்மா."

"அப்ப வலிச்சிருக்காது" என்றார். கொஞ்ச நேரம் அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல சார். உங்க கையால போட்டுவிட்டும் அவரு கொக்கி மாட்டல பாருங்க. ராத்திரியெல்லாம் அவரத் திட்டிட்டே கிடக்கேன். செத்துப்போன மனுஷன, பாவி, ஒரு கொக்கி மாட்டத் தெரியலையான்னு."

அவர் போனபிறகு என் மனைவி கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "சைட்ல இவ்வளவு பேருக்கு நடுவுல அவரு தோள் வலிய ஞாபகம் வச்சு மாட்டிவிட்டிருக்கீங்க. நல்ல மனசுங்க உங்களுக்கு" என்றாள். நான் சாப்பிட உட்கார்ந்தேன். சாப்பிட்டேன். அதையும் மறைக்கவில்லை.

இன்று காலையில் மகளுக்குப் புத்தகப் பையை மாட்டினேன். வலது கையை நீட்டினாள். "இடது கை முதல்ல" என்றேன். "ஏம்ப்பா?" என்றாள். தினமும் வலது கைதான் முதலில் விடுவோம். அவள் இடது கையை நீட்டிக்கொண்டு நின்றாள். நான் பையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். மாட்டிவிட முடியவில்லை. கடைசியில் அவளே வாங்கி மாட்டிக்கொண்டு போனாள்.

இப்போது எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. நிதானமாகச் சொல்கிறேன்.

அவர் விழும்போது அவர் மேல் பெல்ட் இல்லை. அன்று காலையில் அவர் பெல்ட் கேட்டார், பலகை ஆடுகிறது என்றும் சொன்னார். என்னிடம் பெல்ட் இருந்தது, நான் கொடுக்கவில்லை. வேலையை நிறுத்த அதிகாரம் இருந்தது, நிறுத்தவில்லை. விழுந்த பிறகு அவர் உயிரோடு, நினைவோடு இருந்தார். ஆம்புலன்ஸுக்குச் சொல்வதற்கு முன் அவருக்குப் பெல்ட் போட்டேன். அதற்காக அவர் இடுப்பைத் தூக்கினேன். அந்த நேரமும் அந்த அசைவும் இல்லாமல் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். போர்டில் பாதுகாப்புக்குப் பொறுப்பு என்று இருக்கும் பெயர் என்னுடையது. அது சரியான பெயர்தான். கொக்கி மாட்டாதது அவர் தப்பு இல்லை என்பதை மட்டும் அந்த அம்மாவிடம் இன்றைக்கே யாராவது போய்ச் சொல்ல வேண்டும். ராத்திரி திட்டாமல் இருப்பார்.

காகிதத்தைக் கொடுங்கள், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்.

எல்லாம் சரியாக இருக்கிறது. இந்த ஒரு வரியை மட்டும் மாற்ற வேண்டும். 'அடிபட்டுக் கிடந்தவருக்கு வலுக்கட்டாயமாகப் பெல்ட் அணிவித்தேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'வலுக்கட்டாயமாக' வேண்டாம், அடித்துவிடுங்கள். நான் அவரை எந்தக் கட்டாயமும் செய்யவில்லை, ஐயா. கையை அவரேதான் நீட்டினார்.